நாலு விரல் பத்தாத பெல்ட்

பெல்ட் அறுந்தது புதன்கிழமை காலை, பள்ளி மைதானத்தின் நட்டநடுவில். புல்லுக்காரர் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்த புல்வெட்டும் மெஷினுக்கு அடியில் 'பட்'டென்று ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் பாட்டுக்கு ஓடியது, சக்கரமும் உருண்டது. ஆகவே அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மைதானத்தின் கோடிவரை போனார். போய்த் திரும்பிப் பார்த்தால், வெட்டிக்கொண்டு வந்ததாக நினைத்த பாதை முழுக்கப் புல் தலைநிமிர்ந்து நிற்கிறது. சக்கரம் ஏறிய இடத்தில் மட்டும் கொஞ்சம் மரியாதைக்குப் படுத்திருந்தது.

இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மெஷினின் வயிற்றுக்கு அடியில் தொங்கும் தட்டையான இரும்புப் பெட்டிக்கு டெக் என்று பெயர். பிளேடுகள் சுழல்வது அதற்குள்தான். எஞ்சினின் வேகத்தை அந்தப் பிளேடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு நீளமான ரப்பர் பெல்ட். கப்பிக்குக் கப்பி வளைந்து ஓடும் அந்தப் பெல்ட் இப்போது செத்த பாம்பு மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் நாற்காலிதான், என்ன, புகை விடும் நாற்காலி.

முன்பெல்லாம் பெல்ட் அறுந்தால் புல்லுக்காரர் இறங்கிப்போய் நிழலில் உட்கார்ந்து டீ குடிப்பார். குடித்து முடிப்பதற்குள் மச்சினன் மெஷினுக்கு அடியில் புகுந்து வெளியே வந்து, "ஏறுங்க மாமா" என்பான். மனைவியின் தம்பி அவன். இருவரும் கூட்டாகத் தொழில் செய்த காலத்தில் வேலை இப்படித்தான் பிரிந்திருந்தது. மேலே உட்கார்ந்து ஓட்டுவதும் ஆளைப் பார்த்துப் பேசி வேலை பிடிப்பதும் மாமா. கீழே படுத்துக் கழற்றுவதும் மாட்டுவதும் மச்சினன். மெஷினின் மேல்பாதியை ஒருவரும் கீழ்ப்பாதியை ஒருவரும் அறிந்திருந்தார்கள், அதற்கு மேல் அறிய இருவருக்கும் அவசியம் வரவில்லை.

அந்தக் கூட்டு முறிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓர் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது மெஷின் நின்றுவிட்டது. மச்சினன் அடியில் போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரி அதிகாரி பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்கப் புல்லுக்காரருக்குப் பொறுக்கவில்லை. சம்பாதிக்க ஒரு ஆள், அடியில் படுத்துத் தூங்க ஒரு ஆள், நம்ம கம்பெனி லட்சணம் இதுதான் சார் என்று அதிகாரியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மச்சினன் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "தனித்தனியா பாத்துக்கலாம் மாமா" என்று மட்டும் சொன்னான்.

அவர்களிடம் இருந்தது இரண்டு மெஷின். ஒரே கம்பெனி, ஒரே பச்சை நிறம். ஒன்று பழையது, ஒன்று பின்னால் வந்த மாடல். இரண்டையும் ஒரு நாள் என் கொட்டகையில் விடுங்கள், பிரிப்பதற்குமுன் சரிபார்த்துத் தருகிறேன் என்றான். விட்டார். மறுநாள் பழைய மெஷினைக் கொண்டுவந்து மாமா வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். புதுசை அவன் வைத்துக்கொண்டான். புதுசு வாங்கும்போது கூடவே வாங்கிவைத்திருந்த ஒரு ஸ்பேர் பெல்ட்டையும் அவனே எடுத்துக்கொண்டான்.

புல்லுக்காரருக்கு இது வயிற்றெரிச்சலாகப் போயிற்று. சவரக் கடையில் சொன்னார், கல்யாண வீடுகளில் சொன்னார், சாவு வீட்டில்கூடச் சொன்னார். "புதுசை அமுக்கிட்டுப் பழசை என் தலையில கட்டிட்டான். ஒரு பெல்ட்டைக்கூட விட்டு வைக்கலீங்க." மனைவி பக்கத்தில் இருந்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள். அக்காவும் தம்பியும் விசேஷங்களில் ஓரமாக நின்று நாலு வார்த்தை பேசிக்கொள்வதோடு சரி. வீட்டில் அவன் பேச்சை எடுப்பதையே அவள் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை அந்த மைதானத்தில் பள்ளிகளுக்கிடையே போட்டி இருந்தது. போன மாதம் ஒருமுறை புல்லுக்காரர் வேலையை இழுத்தடித்ததில் மைதான மேலாளருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். சீருடை போட்ட ஆட்களும் பெரிய மெஷின்களும் வைத்திருக்கிற ஒரு கம்பெனி தினமும் போன் செய்கிறது, நான்தான் பழக்கத்துக்காகத் தள்ளிப்போடுகிறேன் என்று மனிதர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலையில் புல் நின்றால் மைதானம் கைவிட்டுப் போகும். மைதானம் போனால் பிழைப்பில் பாதி போகும். புல்லுக்காரர் இந்த வயதில் இன்னொருவரிடம் போய் வேலை கேட்டு நிற்கிற ஆளில்லை.

முதல் பெல்ட்டை அவர் வாங்கியது கடைத்தெருவில், சைக்கிள் டயரிலிருந்து மாவு மெஷின் பெல்ட்வரை தொங்கவிட்டிருக்கும் கடையில். அறுந்த பெல்ட்டில் அச்சடித்திருந்த எண் தேய்ந்து போயிருந்தது. கடைக்காரர் அதை ஆணியில் மாட்டி, நீட்டி இழுத்து, அதே நீளத்துக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஓடி ஓடி அறுந்த பெல்ட் இழுபட்டு நீண்டிருக்கும் என்பது அளந்தவருக்கும் தோன்றவில்லை, வாங்கியவருக்கும் தோன்றவில்லை. மதியம் முழுக்கப் புல்லுக்காரர் பக்கவாட்டில் படுத்து, கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்க முடியாத கப்பிகளைத் தடவித் தடவி அதை மாட்டினார். மெஷின் பத்தடி போனது. பிறகு கருகின ரப்பர் நாற்றம் வந்தது, பெல்ட் கழன்று புல்லில் கிடந்தது. வெட்டாவிட்டாலும் ஓடுகிற மெஷினை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை அந்தக் கம்பெனியின் பார்ட்ஸ் கடைக்கே போனார். ஊருக்கு வெளியே, கிடங்குகள் இருக்கும் பக்கம் அது. பஸ் இறங்கி வெயிலில் நடக்க வேண்டும். கவுண்டரில் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்த ஒரு பெண்மணி இருந்தாள். அவளும் களைத்துத்தான் இருந்தாள். மாடல் எண் கேட்டாள். சீட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் புல்லுக்காரர் கையில் எழுதிக்கொண்டு போயிருந்தார், வியர்வையில் பாதி அழிந்திருந்ததை இருவரும் சேர்ந்து ஒருவழியாகப் படித்தார்கள். அவள் உள்ளே போய் ஓர் அட்டை உறையைக் கொண்டுவந்து வைத்தாள். அசல் பெல்ட். மாட்டிப் பார்த்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றாள். இதை எதற்குத் திரும்பக் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அது நாலு விரல் பத்தவில்லை. எல்லாக் கப்பியிலும் ஏறி, கடைசிக் கப்பிக்கு நாலு விரல் முன்னால் நின்றுகொண்டது. மனைவி சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ஒரு பக்கம் பிடித்தாள். அவர் திருப்புளியால் நெம்பினார், காலை உதைத்து இழுத்தார். விரல் முட்டிகளில் தோல் உரிந்ததுதான் மிச்சம். மழைக்கு முந்தின புழுக்கம். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் மனைவி, வெகுநாள் கழித்து, அந்தப் பேச்சை எடுத்தாள்.

"தம்பிய ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?"

கேட்டதும் திருப்புளியைத் தூக்கிச் சுவரோரம் எறிந்தார். என் மெஷினைப் பற்றி அவனிடம் போய்க் கேட்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை என்றார். அவர் எறிந்ததை அவள் எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கடை திறக்கும்போதே அவர் கவுண்டர் முன்னால் நின்றார். தப்பான பெல்ட்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்று சத்தம் போட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தவர், வந்ததும் அலுப்பில் பாதி வார்த்தைகளை மறந்துவிட்டார். அந்தப் பெண்மணி கேட்டுக்கொண்டாள். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கேட்கும் கேள்வியோ, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்.

"டெக்கை எப்பவாவது மாத்தினீங்களா?"

யாரும் மாற்றவில்லை, என் மெஷினை என்னைத் தவிர இன்னொருத்தர் தொட்டதில்லை என்றார். சொல்லும்போதே அது முழுப் பொய் என்று அவருக்குத் தெரிந்தது. மெஷினின் எண் வேறு, டெக்கின் எண் வேறு என்று அவள் சொன்னாள். டெக்கின் பின்பக்கம் ஒரு தகடு இருக்கும், அதில் உள்ளதைப் பார்த்துப் போனில் சொல்லுங்கள் என்று கடையின் எண்ணைக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து, சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தார். இத்தனை வருஷமும் பிளேடு மழுங்கினால் தெருமுனைப் பட்டறைக்காரர் வந்து கழற்றித் தீட்டி மாட்டிவிட்டுப் போவார். புல்லுக்காரர் தலையை உள்ளே விட்டுப் பார்ப்பது இது இரண்டாவது முறையோ என்னவோ. டெக்கின் பின்பக்கத்தில் காய்ந்த புல்லும் மண்ணும் அடைபோலப் பிடித்திருந்தன. சுரண்டச் சுரண்ட உதிர்ந்து கண்ணில் விழுந்தது. கடைசியில் ஒரு தகடு தெரிந்தது. எண் இருந்தது. அது அவர் கையில் எழுதிக்கொண்டு போன எண்ணுக்கு உறவே இல்லாத எண்.

அவர் உடனே வேறொன்றைத் தேட ஆரம்பித்தார். பழைய மெஷினில் ஒருமுறை அவர், புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு குழாய்முனையின் மேல் கண்மூடித்தனமாக ஏற்றிவிட்டார். டெக்கின் உள்பக்கம் கிழிந்தே போயிற்று. மச்சினன் அதைத் தட்டி நிமிர்த்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டை வைத்து வெல்டிங் செய்துவிட்டு, வாங்க மாமா, வந்து உங்க கைவண்ணத்தைப் பாருங்க என்று கூப்பிட்டுக் காட்டினான். அவர் தலையை உள்ளே விட்டுப் பார்த்த முதல் முறை அதுதான். அந்த ஒட்டு இடது மூலையில் இருந்தது. இப்போது இடது மூலையைத் தடவினார். வலது மூலையையும் தடவினார். இரும்பு வழவழவென்று இருந்தது.

போன் செய்து எண்ணைச் சொன்னார். இது பின்னால் வந்த மாடலின் டெக், கப்பிகள் தள்ளித் தள்ளி இருக்கும், பெல்ட்டும் நீளம் என்றாள் கவுண்டர் பெண்மணி. கையிருப்பில் இல்லை, வரவழைக்க அடுத்த வாரம் ஆகும் என்றாள். அவசரம் என்றால் அந்த மாடல் வைத்திருக்கிற யாரிடமாவது ஒரு ஸ்பேர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்களேன் என்று அவளாகவே ஒரு யோசனையும் சொன்னாள்.

புல்லுக்காரர் மெஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். கணக்கு அவருக்கு இப்போதுதான் புரிந்தது. புது மெஷினின் எஞ்சின் வாங்கிய மறுவருஷமே எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது. அதோடு குடும்பம் நடத்த என்னால்தான் முடியும் என்று மச்சினன் சிரிப்பான். பழைய மெஷினின் எஞ்சின் கல்லு மாதிரி, இன்றுவரை அவரைப் பாதிவழியில் நிறுத்தியதில்லை. பழைய டெக்தான் ஒட்டுப்போட்ட டெக். அவன் அந்த ஒரு நாளில் கொட்டகையில் படுத்து, நல்ல எஞ்சினுக்கு அடியில் நல்ல டெக்கை மாட்டி மாமா வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். எண்ணெய் குடிக்கிற எஞ்சினையும் கிழிந்த டெக்கையும் தனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறான். மாமாவுக்கு ஒரு நட்டு கழற்றத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். இதையெல்லாம் அறியாமல் அவர் ஊர் ஊராக உட்கார்ந்து பேசியிருக்கிறார். வெட்கத்தில் காது மடல்கள் சுட்டன.

இதை வெளியே விடாமல் அமுக்கிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது, வராமல் இல்லை. யாருக்கும் தெரியாது. மைதானம் போனால் போகட்டும், அடுத்த வாரம் பெல்ட்டை வாங்கி மாட்டிக்கொண்டு பழைய பாட்டையே பாடலாம். ஆனால் அந்தப் பாட்டை இனிப் பாடத் தனக்கு வாய் வராது என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்துபோய்ச் சமையலறை வாசலில் நின்றார்.

"செருப்பைப் போட்டுட்டு வா. உன் தம்பி வீட்டுக்குப் போகணும்."

மனைவி அடுப்பை அணைத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் மனுஷன் மனசு மாறிவிடுவார் என்று பயந்திருக்கலாம். பட்டறைக்காரரின் வேனை வாங்கி, பின்னால் மெஷினை ஏற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். போகிற வழியில் அவர் விஷயத்தைத் துண்டு துண்டாகச் சொன்னார். டெக் மாறியிருக்கிறது, மாற்றியது அவன், நல்லதை நமக்குத்தான் கொடுத்திருக்கிறான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எத்தனை கல்யாணத்துல உக்காந்து சொன்னீங்க" என்றாள்.

அவர் சாலையைப் பார்த்து வண்டியை ஓட்டினார்.

மச்சினனின் கொட்டகை திறந்துதான் இருந்தது. உள்ளே புது மெஷின், இப்போது அதுவும் புதுசில்லை, முன்பக்கம் தூக்கிக் கட்டைமேல் நின்றது. புல்லுக்காரர் வேனிலிருந்து இறங்கி நேரே அதனிடம் போய்க் குனிந்தார். இடது மூலையில் அவர் கைவண்ணம் அப்படியே இருந்தது. அதன்மேல் இன்னொரு ஒட்டு, அதற்குப் பக்கத்தில் மேலும் ஒன்று. கந்தல் துணிக்குப் போடுகிற மாதிரி ஒட்டுக்கு மேல் ஒட்டு. இதை வைத்துக்கொண்டா அவன் இத்தனை நாள் பிழைத்தான் என்று நினைத்துக்கொண்டே அந்த ஒட்டுகளை விரலால் தடவினார்.

"வாங்க மாமா" என்ற குரல் பின்னால் கேட்டது. நேற்றுத்தான் வந்துபோன ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டான். கையில் துணி. முன்தலையில் கொஞ்சம் நரை. வேனில் மெஷினையும் முன்சீட்டில் அக்காவையும் பார்த்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"பெல்ட் அறுந்துடுச்சு" என்றார் புல்லுக்காரர். வழியெல்லாம் வேறு எதையோ சொல்வதற்குத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

மச்சினன் உள்ளே போனான். சுவர் ஆணியிலிருந்து ஓர் அட்டை உறையை எடுத்து, தூசியை ஊதி, கொண்டுவந்து நீட்டினான். உறை பிரிக்கப்படவே இல்லை.

"அறுந்தா கூப்பிடுவீங்கன்னுதான் இதை மட்டும் எடுத்துட்டு வந்தேன் மாமா. மிஞ்சிப்போனா ஒரு வருஷத்துல அறுந்துடும்னு நெனச்சேன்." உறையில் மிச்சமிருந்த தூசியையும் தட்டிவிட்டான். "சனியன், இவ்வளவு நாள் ஓடும்னு யாரு கண்டா."

புல்லுக்காரர் அந்த உறையைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். ஒரு பெல்ட்டைக்கூட விட்டு வைக்கவில்லை என்று எத்தனை பேரிடம் சொன்னாரோ, அந்தப் பெல்ட். பக்கத்தில் கிடந்த ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்தார்.

"ஏன்டா சொல்லல?"

"கேக்கிற நெலமையிலயா இருந்தீங்க."

"ஊரெல்லாம் உன்னைப் பத்திப் பேசிட்டேன் மாப்ள."

"தெரியும். ஒரு சொந்தக்காரர் பாக்கி இல்லாம வந்து சொல்லிட்டாங்க." அவன் சிரிக்க முயன்றான், சரியாக வரவில்லை. "அக்கா ஏன் வண்டியிலயே உக்காந்திருக்கு? எறங்கச் சொல்லுங்க."

சொல்வதற்குள் அவளே இறங்கி வந்துகொண்டிருந்தாள். தம்பியின் பக்கத்தில் வந்து நின்று, அவன் சட்டையில் ஒட்டியிருந்த காய்ந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்து முடிந்தபிறகும் கையை எடுக்கவில்லை. புல்லுக்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் மெஷினின் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

மெஷினை வேனிலிருந்து இறக்கியதும் மச்சினன் சாக்கை விரித்து அடியில் புகுந்தான். புல்லுக்காரர் நிழலைத் தேடிப் போகவில்லை. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். இரண்டு தடவை தப்பான ஸ்பானரைக் கொடுத்தார். உள்ளேயிருந்து, அது இல்லை மாமா, அதற்குப் பக்கத்தில் உள்ளது என்று பொறுமையாகக் குரல் வந்தது. பெல்ட் கப்பிக்குக் கப்பி ஏறி, கடைசிக் கப்பியில் 'டக்'கென்று உட்கார்ந்தது. எஞ்சினைப் போட்டதும் பிளேடுகள் சுழல, கொட்டகைத் தரையிலிருந்த தூசியெல்லாம் எழும்பியது.

மைதானம் எவ்வளவு பாக்கி என்று மச்சினன் கேட்டான். அநேகமாக முழுசும் பாக்கி என்றார். ஒரே மெஷினில் இருட்டுவதற்குள் முடியாது, இதையும் கட்டையிலிருந்து இறக்குகிறேன், ஆளுக்கு ஒரு பக்கம் போகலாம் என்றான். அவர் சரி என்றார். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லும் தெம்பும் அவரிடம் இல்லை.

ஸ்பானர்களைப் பெட்டியில் போட்டுவிட்டு வேன் பக்கம் போன மச்சினன், முன்சீட்டில் கிடந்த இன்னோர் உறையைப் பார்த்தான். எடுத்து எண்ணைப் படித்தான். வியாழக்கிழமை வாங்கிய பெல்ட், நாலு விரல் பத்தாத பெல்ட்.

"இது பழைய டெக்குக்கு உள்ளதாச்சே மாமா. என் மெஷினுக்குத்தான் சேரும்."

"ஆமா" என்று புல்லுக்காரர் அவன் கையிலிருந்து அதை வாங்கினார். தன் மெஷினின் சீட்டுக்கு அடியில் பத்திரமாகச் செருகி வைத்தார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். அறுந்தா வா."